கடல்நீர்த் தொட்டியை மாற்றிய பின் மீன் திணறினால், தண்ணீர் கலங்கினால் எங்கே பார்ப்பது

வருடக்கணக்கில் நன்றாக ஓடிய கடல்நீர்த் தொட்டியைப் புதுத் தொட்டிக்கு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள். பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். மணலையும் அப்படியே வாரிப் புதுத் தொட்டியில் கொட்டுகிறார்கள். ஆனால் மீனின் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா தண்ணீரில் மிகக் குறைவு. அது பாறையின் மேலும், அதன் துளைகளுக்குள்ளும், ஃபில்டரில் கிடக்கும் செராமிக் வளையங்களிலும் ஒட்டி வாழ்கிறது. மணலுக்கு அடியிலோ பல வருடத்து அழுக்கு கிடக்கிறது. காப்பாற்ற வேண்டியது பாறையை, விட்டுவிட வேண்டியது மணலை. கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று பிசகியதால் வருபவை. மிச்சம் நம் ஊர் வெயில், நம் ஊர்த் தண்ணீர், நம் ஊர் கரண்ட்.

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் வீட்டில் மீன் மட்டும், அல்லது மீனோடு நத்தை, துறவி நண்டு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எது சீக்கிரம் உயிரை வாங்குமோ அதை முதலில் வைத்திருக்கிறேன்.

எதையும் ஊற்றுவதற்கு முன்னால்

எந்த அறிகுறி தெரிந்தாலும் முதல் வேலை அளப்பதுதான். வெப்பம், உப்பு, அம்மோனியா, பி.எச். (அமில-காரத்தன்மை அளவு) ஆகிய நான்கையும் அளந்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, உப்பு 1.025 (நல்ல தண்ணீரை 1 என்று வைத்த அடர்த்திக் கணக்கு) அல்லது அதை ஒட்டி, அம்மோனியா பூஜ்யம், பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருந்தால் நல்லது. கடைக்காரர் கொடுத்த பாட்டிலை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் அளந்தால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அம்மோனியாவைக் கட்டிப்போடும் மருந்துகளில் சிலவற்றை ஊற்றிய பின், அம்மோனியா நஞ்சாக இல்லாதபோதும் டெஸ்ட் கிட் அதை இருப்பதாகவே காட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாகச் செய்து மீன் தேறிவிட்டால் எதனால் தேறியது என்று தெரியாது. தேறாவிட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது.

மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, செவுள் படபடவென்று அடிக்கிறது

இதற்கு அளப்பதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. ஏர் ஸ்டோன் போடுங்கள், பவர்ஹெட்டின் (தொட்டிக்குள் தண்ணீரை அலைக்கும் சின்ன பம்ப்) வாயை மேல்நோக்கித் திருப்பித் தண்ணீரின் மேல்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள். அதில் கெடுதல் எதுவும் வராது. பிறகு அளக்க உட்காருங்கள்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். காற்றுப் போதாமையாக இருந்தால், கலக்கிவிட்ட அரை மணியில் மீன் கீழே இறங்கி நடமாட ஆரம்பிக்கும். விடியற்காலையில் அதிகமாகவும் மதியம் குறைவாகவும் தெரிந்தாலும் அதே காரணம்தான். இரவில் பாசி ஆக்சிஜன் தருவதில்லை, தானும் எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் இதற்கு வெயிலும் துணை போகிறது. 25 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிக்கும். 30 டிகிரியில் அது 6.2 வரை இறங்கிவிடும். அதே நேரத்தில் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். மே மாதம் புதுத் தொட்டி, புது பம்ப், பழைய தொட்டியைவிடக் குறைந்த அலை என்று மூன்றும் சேர்ந்தால் இந்தத் திணறல் வந்தே தீரும்.

கலக்கிவிட்டும் மீன் தேறவில்லை, செவுள் சிவந்திருக்கிறது, மீன் ஒரு மூலையில் ஒதுங்குகிறது என்றால் அம்மோனியாவைச் சந்தேகப்படுங்கள். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) என்று பார்த்ததும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். கடல்நீரில் பொறுக்க முடியாது. அம்மோனியாவில் நஞ்சான பங்கு பி.எச்.சைப் பொறுத்தது. பி.எச். 7 உள்ள நன்னீரில் இருக்கும் நஞ்சுப் பங்கைவிட, 8.2 உள்ள கடல்நீரில் அது பத்து மடங்குக்கும் மேல். அதனால் 0.25 தெரிந்தாலே அன்று தீனி கிடையாது. 0.5 தாண்டினால் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும் தண்ணீர் அதே உப்பு, அதே சூட்டில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் மாற்றும் நாளுக்கு முன்பே, தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்புநீர் கலந்து பம்ப் ஓட விட்டுத் தயாராக வைக்கச் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு உப்பைக் கலக்க ஆரம்பித்தால், அது கரைந்து தெளிந்து நிலைப்படுவதற்குள் விடிந்துவிடும்.

மூன்றாவது காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

அழுகிய முட்டை வாடை

மாற்றும்போதோ மாற்றிய சில மணி நேரத்திலோ இந்த வாடை வந்தால் மீனை உடனே வெளியே எடுங்கள். சோதனை, யோசனை எல்லாம் பிறகு. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமான பழைய மணலில், ஆக்சிஜன் எட்டாத அடுக்கில் இந்த வாயு உருவாகிக் கிடக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் கறுப்புத் திட்டாகத் தெரியும். அந்த மணலை வாரும்போது அது தண்ணீரில் கரைந்து, செவுள் வழியாக மீனின் உடலுக்குள் போய் மூச்சை அடியோடு நிறுத்துகிறது. ஆரோக்கியமாக நீந்திய மீன் சில நிமிடங்களில் சாய்ந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தயாராக வைத்த புது உப்புநீரில், ஏர் ஸ்டோன் போட்ட பக்கெட்டில் மீனை விடுங்கள். தொட்டியின் மேல்பரப்பை பலமாகக் கலக்குங்கள். ஆக்சிஜன் பட்டால் அந்த வாயு நிற்காது. புது கார்பன் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரி) இருந்தால் ஃபில்டரில் போடுங்கள். வாடை முழுக்கப் போய், அம்மோனியாவையும் அளந்து பார்த்த பிறகே மீன் திரும்பப் போக வேண்டும்.

இது வராமல் தடுக்க வழி உண்டு. பாறையையும் மீனையும் எடுத்து முடிக்கும் வரை மணலைத் தொடாதீர்கள். தண்ணீரையும் மேலிருந்து மட்டும் டியூப் வைத்து இழுங்கள்; மணலுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசித் தண்ணீர் சாக்கடைக்குத்தான். புதுத் தொட்டிக்குப் புது அரகோனைட் மணல் (கால்சியம் கார்பனேட்டால் ஆனது) போடுங்கள். பழைய மணலின் மேல் அடுக்கில் ஒரு கைப்பிடி எடுத்துத் தூவினால் புழுக்களும் நுண்ணுயிர்களும் வந்துவிடும், அது போதும். பணம் கருதிப் பழைய மணலையே போட வேண்டும் என்றால், தெளிந்த தண்ணீர் வரும் வரை குழாயில் அலசி, கடைசியாக ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு முறை அலசிப் போடுங்கள். அதில் இருந்த பாக்டீரியா செத்துப்போகும், பரவாயில்லை, பாறை இருக்கிறது.

கடற்கரை மணலை அள்ளிப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். நம் கரையில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா மணல். அலை ஒதுக்கிய இடங்களில் கறுப்புக் கோடுகளாகக் கன உலோகத் தாதுக்களும் கலந்திருக்கும். தண்ணீரின் காரத்தன்மையைத் தாங்க அது உதவாது.

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிக் கிடக்கிறது

ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மேசையில் வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்தால் அது காற்றுக் குமிழி. சம்ப்பிலிருந்து (கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் காற்றை இழுக்கிறது, அல்லது சம்ப்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஓரிரு மணி நேரத்தில் அடியில் படிந்தால் மணல் தூசி. அதற்கு ஃபில்டர் சாக்கை (தூசியைப் பிடிக்கும் துணிப்பை) போட்டுப் பொறுத்திருங்கள்; மறுநாள் பாறையின் மேல் படிந்த தூசியை ஒரு சின்ன பம்ப்பால் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் பாறையின் துளைகள் அடைபட்டு பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும்.

டம்ளரில் அசையாமல் கலங்கியே நின்றால் அதில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். தெளிந்துவிட்டால் கால்சியம் கார்பனேட் பிரிந்து மிதக்கிறது என்று அர்த்தம். உப்பைத் தண்ணீரில் போடாமல் உப்பின் மேல் தண்ணீர் ஊற்றிக் கலந்தாலோ, சூடான தண்ணீரில் கலந்தாலோ, காரத்தன்மையையும் கால்சியத்தையும் கூட்டும் மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினாலோ இப்படி ஆகும். மருந்து ஊற்றுவதை நிறுத்துங்கள். தானே தெளியும். ஆனால் பம்ப்பின் உள்சுழலியிலும் ஹீட்டரிலும் வெள்ளையாகக் கட்டிப் படிந்திருக்கும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

வினிகருக்கும் தெளியவில்லை, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி நாளுக்கு நாள் பால் மாதிரி அடர்கிறது என்றால் அது பாக்டீரியா பெருக்கம். கலங்கிய மணலிலிருந்தும், செத்த கடற்பஞ்சு, புழுக்களிலிருந்தும் கரைந்த சத்தைத் தின்று தண்ணீரிலேயே பெருகும் வகை இது. பாறையில் வாழும் நல்ல பாக்டீரியா வேறு. இதனால் மீனுக்கு நேரடி நஞ்சு இல்லை, ஆனால் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அதனால் இரவு பகல் பாராமல் மேல்பரப்பு கலங்க வேண்டும், ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) ஓட வேண்டும், தீனி பாதியாக வேண்டும். தெளிய வைக்கும் திரவம் ஊற்றாதீர்கள். அது துகளைக் கட்டியாக்கிப் பாறையின் மேல் இறக்கிவிடும், ஆக்சிஜன் குறையும் பிரச்சினை அப்படியே இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும்.

அம்மோனியா இறங்கவே மாட்டேன் என்கிறது

தண்ணீரை மாற்றினால் இறங்குகிறது, மறுநாள் காலை பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. இப்படி இருந்தால் தொட்டிக்குள் ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது, அல்லது பாறையின் பாக்டீரியா அடிபட்டிருக்கிறது. முதலில் மீன்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் பாறைக்குப் பின்னாலும், ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளும் (தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் அறை), சம்ப்பிலும், தொட்டிக்கு வெளியே தரையிலும் தேடுங்கள். புது இடத்தில் முதல் இரவில் மீன் குதிப்பது சகஜம். மூடி இல்லாத தொட்டியென்றால் வலை கட்டுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் பாறையை முகர்ந்து பாருங்கள். நல்ல பாறை கடலோரத்து வாடை அடிக்கும். அழுகல் வாடை அடிக்கும் பாறையை வெளியே எடுத்து, உப்புநீர் உள்ள டிரம்மில் பம்ப், ஏர் ஸ்டோனோடு வைத்து, அம்மோனியா பூஜ்யம் ஆகும் வரை ஆற வையுங்கள்.

பாறை எப்படி அடிபடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை வராது. ஈரச் சாக்கு, ஈரச் செய்தித்தாள் போர்த்தி நிழலில் வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம் பாறை பெரிதாகக் கெடாது. கெடுவது, மூடிய டிரம்மில் அசையாத தண்ணீரில் முங்கிக் கிடக்கும் பாறைதான். அதற்குள் இருக்கும் உயிர்கள் சில மணி நேரத்தில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். முத்தியால்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டைக்கு வீடு மாறுகிறவர்கள், தூரம் குறைவுதானே என்று டிரம்மை டாடா ஏஸில் ஏற்றி வெயிலில் நிறுத்திவிட்டு மற்ற சாமான்களை இறக்கப் போய்விடுகிறார்கள். தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், வண்டி நிற்கும் நேரமும் வெயிலும்தான் பாறையைக் கொல்லும். ஒவ்வொரு டிரம்முக்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். மீன் துறைமுகத்தில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டி சூட்டைத் தாங்குவதற்கு மிக நல்லது. தேங்காய்த்திட்டிலோ கடலூர் முதுநகரிலோ கேட்டால் கிடைக்கும். சோப்பு போடாமல் உப்புநீரில் நன்றாகக் கழுவி, உள்ளே புது பிளாஸ்டிக் பை விரித்துப் பயன்படுத்துங்கள்.

பாறை போதவில்லை என்று கடலிலிருந்து எடுத்து வந்து சேர்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். கல் பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செராமிக் பாறை கடைகளில் கிடைக்கிறது. பழைய பாறையோடு சில வாரம் ஒரே தண்ணீரில் கிடந்தால் அதுவும் பாக்டீரியா பிடித்துவிடும்.

அம்மோனியா இறங்கி, அதை பாக்டீரியா சிதைக்கும்போது உருவாகும் நைட்ரைட் ஏறினால் நல்ல அறிகுறி. நன்னீரில் பயப்படுவது போல இங்கே நைட்ரைட்டுக்குப் பயப்பட வேண்டாம். கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுத்துவிடும்.

உப்பு அளவு நிலையாக நிற்கவில்லை

முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள். முள் ஊசலாடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பு அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் பார்த்துவிட்டு நம்பிவிடாதீர்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்தால்தான் கடல்நீர் அளவில் அது சரியாகச் சொல்கிறதா என்று தெரியும்.

கருவி சரி, அளவு தினமும் ஏறுகிறது என்றால் ஆவியாதல். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஈடு செய்ய ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், உப்புநீராக அல்ல. புதுத் தொட்டி அகலமாக இருந்தால் ஆவியாதலும் பழையதைவிட அதிகம். பழைய கணக்கில் ஒரு பக்கெட் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அளவு இறங்கினால் எங்கோ உப்புநீர் கசிகிறது அல்லது ஸ்கிம்மர் கப் நிரம்பி வழிகிறது, அந்த இடத்தை நீங்கள் நல்ல தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

திருத்தும்போது ஒன்றை மறக்காதீர்கள். உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், திடீரென்று ஏறுவதைத் தாங்காது. ஏற்ற வேண்டுமானால் ஒரு நாளைக்கு 0.001, மிஞ்சிப்போனால் 0.002.

கடல் தண்ணீரையே பிடித்து ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நல்ல தண்ணீர்தான், காலமும் இடமும் பார்த்துப் பிடித்தால். ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி எல்லாம் மழைநீரைக் கடலில் கொண்டுவந்து கொட்டும்போது, கரையோரத் தண்ணீரில் உப்பும் குறையும், வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கும். தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்று குடத்தில் மொள்ளாதீர்கள். ஃபைபர் போட்டில் போகும் மீனவரிடம் கேன் கொடுத்துக் கேட்டால் அவரே சொல்வார்: “இப்ப கலங்கலா இருக்கு தம்பி, பத்து நாள் பொறு, உள்ளாற தெளிஞ்சதும் மொண்டுட்டு வர்றேன்.” அவர் சொல் கேளுங்கள். கொண்டு வந்த தண்ணீரை மூடி, இருட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து, உப்பு அளந்து ஊற்றுங்கள். தொட்டி மாற்றும் நாளில் அன்று பிடித்த கடல்நீரை நேரடியாக ஊற்றுவது, அதிலுள்ள மிதவை உயிர்கள் செத்து அம்மோனியாவைக் கூட்டுவதற்கு வழி.

நத்தையும் நண்டும் மட்டும் சாகின்றன, மீன் நன்றாக இருக்கிறது

செம்பைச் சந்தேகப்படுங்கள். மீன் தாங்கும் அளவு செம்பு, முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும். பழைய தொட்டியில் எப்போதோ செம்பு மருந்து போட்டிருந்தால் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்திருந்து பிறகு விடும். பித்தளை இணைப்பு, பித்தளை வால்வு எங்காவது இருக்கிறதா பாருங்கள். அதைவிட முக்கியமாக, வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷினைப் பாருங்கள். தண்ணீரில் செம்பு சேர்த்துத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் மெஷின்கள் இப்போது நிறைய. மனிதருக்கு நல்லதென்று சேர்க்கும் அது நத்தைக்கு எமன். செம்பு இல்லாத மெஷின்களிலும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒன்று இருக்கும். ருசிக்காக வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சம் கலந்து தருவது அதன் வேலை. கடலோர போர் தண்ணீரின் உப்பும் மற்றதும் அதன் வழியாகத் தொட்டிக்கு வரும். தொட்டிக்குத் தனி ஆர்.ஓ.வும் டி.ஐ.யும் (மிச்ச உப்புகளை ரெசினால் பிடிக்கும் வடிகட்டி) வைத்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரை ஊற்றுங்கள்.

செம்பு இல்லையென்றால் கொசு மருந்து. மழைக்குப் பின் தெருவில் புகை அடிக்கும் வண்டி வரும் நாட்களில் ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் தொட்டிக்குள் தள்ளும். கொசுவர்த்தியிலும் செருகி வைக்கும் திரவத்திலும் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து இறாலுக்கும் நண்டுக்கும் கடும் நஞ்சு, மீனுக்கும் கெடுதல். தொட்டி புது அறைக்கு மாறியிருந்தால் அந்த அறையில் இரவு என்ன கொளுத்துகிறார்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெப்பம் 30ஐத் தாண்டுகிறது

புது விளக்கு, புது பம்ப் இரண்டும் சூடு தரும். மூடியைத் திறந்து மேல்பரப்பின் மீது சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அது ஆவியாவதால் வரும் குளிர்ச்சி. கடற்காற்று ஈரத்தோடு வீசும் மாலையில் ஃபேன் அவ்வளவாக உதவாது. தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர்தான் நிரந்தர வழி. அவசரத்துக்கு, தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து மூடியோடு சம்ப்பில் மிதக்க விடுங்கள். ஐஸை நேரடியாகப் போடாதீர்கள்.

தொட்டிக்கு அடியில் ஈரம்

பார்த்ததும் நெஞ்சு பதறும். ஆனால் சில்லர் வைத்த தொட்டியில் இது கசிவாக இல்லாமலும் இருக்கலாம். வைகாசி, ஆனியில் நம் கடலோரக் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும், 25 டிகிரியில் இருக்கும் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்து வழியும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, தொட்டியைச் சுற்றிச் செய்தித்தாள் விரியுங்கள். ஈரம் கண்ணாடி முழுக்கப் பரவலாக வந்து, காய்ந்த பிறகு வெள்ளைப் படிவு இல்லாமல் போனால் அது வியர்வை. ஒரே இடத்தில் வந்து காய்ந்ததும் உப்புப் பொரிந்து நின்றால் கசிவு. கண்ணாடிகள் சேரும் சிலிக்கான் தையலில் அது எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, தண்ணீரை அந்த மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். தண்ணீர் இருக்கும்போது வெளியே சிலிக்கான் பூசி நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலி செய்து, பழைய சிலிக்கானைச் சுரண்டி, உள்ளே பூசிக் காய வைக்க வேண்டும். குளியலறைக்கென்று பூஞ்சை மருந்து சேர்த்து வரும் சிலிக்கான் மீனுக்கு நஞ்சு, அதைத் தொடவே கூடாது. வினிகர் வாடை முழுக்கப் போக ஒரு வாரம் விடுங்கள்.

தொட்டியின் நான்கு மூலையிலும் தண்ணீர் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு தையல் மட்டும் கூடுதல் பாரம் தாங்குகிறது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டிக்கு 450 லிட்டர் பிடிக்கும். பாறை, கண்ணாடி, ஸ்டாண்டு சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் மாடித் தளம் மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ். அங்கே மாடியில் இவ்வளவு பாரம் வைப்பதற்கு முன் கட்டட வேலை தெரிந்தவரை வரவழைத்து உத்திரத்தைக் காட்டுங்கள். தரைத் தளம் இருக்கும்போது மாடி எதற்கு என்பது என் கருத்து.

கரண்ட் போனதும் சம்ப் வழிகிறது

மேலே இருக்கும் தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியாகத் திரும்ப இறங்குகிறது. மேலே சொன்ன 4 அடிக்கு 2 அடித் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் 19 லிட்டர். குழாயின் வாய் மூன்று அங்குலம் முங்கியிருந்தால் கிட்டத்தட்ட 57 லிட்டர் கீழே வரும். வாயை மேல்பரப்பை ஒட்டி உயர்த்துங்கள், அல்லது தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை போடுங்கள். அது காற்றை இழுத்து ஓட்டத்தை அறுத்துவிடும். துளை பாசியால் அடைபடும், மாதம் ஒரு முறை குத்திவிட வேண்டும். பிறகு பம்ப்பை வேண்டுமென்றே நிறுத்தி, எல்லாம் இறங்கி நின்ற பின் சம்ப்பில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்து, ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போடுங்கள்.

இன்வெர்ட்டரில் பவர்ஹெட் ஒன்றையாவது கோர்த்து வையுங்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய பிறகு பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தொட்டி மாற்றும் வேலையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். தை, மாசியில் வெயிலும் இல்லை, புயலும் இல்லை.

தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

கையை எடுங்கள். பிளக்கைத் தொடாமல் மெயினை அணையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி எது கசிகிறது என்று கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பெரும்பாலும் ஹீட்டரோ பழைய பம்ப்போதான். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் உப்புநீர்த் தொட்டி வைக்கவே கூடாது. ஒயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி இருக்கட்டும். ஒயரோடு வழியும் சொட்டு அந்த வளைவிலிருந்து கீழே விழும், பிளக்குக்குள் போகாது.

ஸ்கிம்மர் நுரை பொங்கி வழிகிறது, அல்லது நுரையே வரவில்லை

பொங்கினால் புது சிலிக்கான், புது பிளாஸ்டிக், ஊற்றிய மருந்து ஆகியவற்றின் எச்சம். கப்பை உயர்த்தி வைத்துச் சில நாள் விடுங்கள், அடங்கும். நுரையே வரவில்லை என்றால் சம்ப்பில் அது நிற்கும் ஆழம் மாறியிருக்கிறது. பலகை வைத்து உயர்த்தி, தயாரிப்பாளர் சொன்ன ஆழத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ஒரு வாரம் கழித்து உடம்பில் வெள்ளைப் புள்ளி

இடம் மாறிய அலைச்சலில் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, ஏற்கெனவே தொட்டியில் இருந்த ஒட்டுண்ணி தலைதூக்குகிறது. உப்புக் கல் அளவில் எண்ணக்கூடிய புள்ளிகள் என்றால் கிரிப்டோகேரியான். பவுடர் தூவியது போல் பொடியாக மின்னி, மீன் மூச்சும் வாங்கினால் வெல்வெட் நோய். அது ஓரிரு நாளில் கொல்லும், தாமதிக்க முடியாது. எதுவானாலும் மருந்து தனித் தொட்டியில்தான். செம்பைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் மேலே நத்தைக்குச் சொன்ன கதைதான். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒட்டுண்ணி மீனிலிருந்து இறங்கி மணலிலும் பாறையிலும் முட்டையுறை கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கும். எல்லா மீனையும் வெளியே எடுத்து, பெரிய தொட்டியைப் பதினோரு வாரம் மீன் இல்லாமல் விட்டால்தான் அது பட்டினியில் சாகும்.

இதனால் ஏதாவது மீன் இழந்து புதிது வாங்கும் நிலை வந்தால், கடலில் பிடித்ததை விட்டுவிட்டுக் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். கோமாளி மீனை நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் தீனியும் எளிதில் எடுக்கும், நோயும் குறைவாகக் கொண்டு வரும்.

மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் படலம்

புதுத் தொட்டித் தண்ணீரில் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்னும் டயாட்டம் என்ற நுண்பாசி. இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்து தானே போகும். பிளீச்சிங் பவுடர், பாசி மருந்து எதுவும் வேண்டாம். நத்தை தின்னட்டும், மிச்சத்தைக் கண்ணாடியில் தேயுங்கள். ஒரு மாதம் தாண்டியும் நின்றால் ஈடு ஊற்றும் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸை மறுபடி அளந்து, டி.ஐ. ரெசினை மாற்றுங்கள்.

மீன் ஒன்று காணவில்லை, அம்மோனியாவும் இல்லை

ராஸ் வகை மீனாக இருந்தால் மணலுக்குள் புதைந்திருக்கும். பாறையைப் புரட்டித் தேடாதீர்கள். அதன் மேலேயே பாறை சரியலாம். விளக்கை அணைத்து வைத்து, வழக்கமான நேரத்தில் கொஞ்சம் தீனி மட்டும் போட்டு, சில நாள் விட்டுவிடுங்கள்.